அப்பாவின் டிராக்டருக்குக் கிட் வாங்குவதற்கு முன்

கேள்வி: பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 1984-ல் அப்பா நிலவள வங்கியில் கடன் வாங்கி எடுத்த மாசி பெர்குசன் 1035 டிராக்டர் வீட்டில் இருக்கிறது. அப்பா காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. அதிலிருந்து வண்டி கொட்டகையில்தான் நிற்கிறது. அதற்கு முந்தின இரண்டு வருடமும் நீலப் புகை தள்ளும், ஆயில் குடிக்கும், டிரெய்லரோடு மேடு ஏறினால் சூடாகும். எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பும் கொஞ்சம் ராகிக் கொல்லையும் உண்டு. நான் ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் ஊருக்கு வருவேன். உள்ளூர் மெக்கானிக் "ஃபுல் கிட் போட்டுடலாம், முன்பணம் கொடு" என்கிறார். பழைய இரும்பு வியாபாரி வந்து விலை பேசிவிட்டுப் போகிறார். லாரிப் பட்டறையில் வேலை பார்த்த தாய்மாமா "நாமே பிரிச்சுப் பார்க்கலாம்" என்கிறார். அம்மா விற்கவே கூடாது என்கிறார். என்ன செய்யலாம்? இத்தனை வருடமும் போர்த்தண்ணிதான் ரேடியேட்டருக்கு ஊற்றினோம், அதனால் ஏதாவது ஆகியிருக்குமா? பெயின்ட்டை முதலில் அடித்துவிடலாமா?

பதில்: தம்பி, முன்பணம் கொடுக்காதீர்கள். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் சொன்ன வேலையே கடைசியில் தேவைப்படலாம். ஆனால் இன்ஜினைப் பிரித்து அளக்காமல், பிஸ்டன், லைனர், ரிங், பேரிங் சேர்ந்த கிட் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி. பழைய டிராக்டர் வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். கிட் முதலில் வந்துவிடும். அப்புறம் பிரித்துப் பார்த்தால் கிராங்க் தண்டு ஏற்கெனவே ஒரு முறை கிரைண்டிங் ஆகி, அதாவது தேய்த்து மெலிதாக்கப்பட்டிருக்கும், வாங்கிய பேரிங் சேராது. கடைக்காரர் பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டார். அந்தப் பேரிங்கை வீணாக்க மனசு வராமல் எப்படியோ போட்டு முடுக்கிவிடுவார்கள். அடுத்த மாங்காய் சீசனுக்குள் இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும்.

இரும்பு வியாபாரியை இப்போதைக்கு விடுங்கள். மூன்று ஏக்கர் மாந்தோப்புக்கு இந்த வண்டி நல்ல வண்டி. மரத்துக்கு மரம் நுழைந்து திரும்பும், ஒன்பது கொத்துக் கலப்பையை இழுக்கும், லோடு அடிக்கும். சாமான் கிடைப்பதும் சுலபம். சென்னையில் 1960-ல் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கியதிலிருந்து இந்த வம்சத்து வண்டி நம் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எந்த உதிரிபாகக் கடையில் கேட்டாலும் ஏதாவது ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். அந்தச் சுலபத்திலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைக் கிட் பேச்சு வரும்போது சொல்கிறேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். இதை யாரும் சொல்வதில்லை, வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்கள். வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். 15 வருடப் பதிவு முடிந்த பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்கிறாரா என்று பாருங்கள். கடன் அடைந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தாலும் வங்கியின் பெயர் புத்தகத்தில் அப்படியே இருக்கலாம். தடையில்லாச் சான்று வாங்கி அதை நீக்க வேண்டும். இதற்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பிரித்த பிறகு யாராவது "பிளாக் போயிடுச்சு, செகண்ட்ஸ்ல ஒரு இன்ஜின் இருக்கு, தூக்கிப் போட்டுடலாம்" என்பார்கள். அப்படிப் போட்டால் இன்ஜின் எண் மாறும், புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போகாது. அனுமதி வாங்கிப் பதிவு செய்துகொள்ளலாம், வழி இருக்கிறது. சொல்லாமல் மாற்றினால்தான் பின்னால் விற்கவும் முடியாது, இன்சூரன்ஸும் சிக்கல்.

இனி வண்டி. ஐந்து வருடம் நின்ற இன்ஜினை இன்னொரு டிராக்டர் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று ஊரில் யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். வேண்டாம். முதலில் சம்பு (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் இருக்கும் ஆயில் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் மெதுவாக லூஸ் செய்து, கீழே ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனம், அடியில்தான் தங்கும். முதலில் வருவது தண்ணீர் என்றால் ஒன்று ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைமூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது, இல்லை எங்கோ விரிசல், அல்லது சைலன்சர் வழியாக மழை இறங்கியிருக்கிறது. கொட்டகை ஒழுகுமா, சைலன்சர் வாயில் டப்பா கவிழ்த்திருந்தீர்களா என்று அம்மாவைக் கேளுங்கள். நின்ற இடத்தில் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ அந்தச் சிலிண்டருக்குள் மழைத்தண்ணி நேராகப் போய்விடும்.

அப்புறம் டீசல் தெளிக்கும் மூன்று நாசிலையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு ஒரு வாரம் ஊற விடுங்கள். நீங்கள் வாரக் கடைசியில்தான் வருகிறீர்கள் என்பது இங்கே வசதிதான். அடுத்த வாரம் முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். ஸ்டார்டரைத் தொடாதீர்கள். கை பலத்துக்குச் சுற்றினால் நல்லது. நகரவே இல்லை என்றால் குழாயை மாட்டி நெம்ப வேண்டாம். எப்படியும் ஹெட்டைக் கழற்றத்தான் போகிறோம், கழற்றியே பார்ப்போம்.

சுற்றுகிறது என்றால், பிரிப்பதற்கு முன் ஒரு முறை ஓட விட்டுப் பாருங்கள். ஓடுகிற இன்ஜின் சொல்லுகிற சேதியைப் பிரித்துப் போட்ட இன்ஜின் சொல்லாது. டேங்கில் இருக்கும் பழைய டீசலை முழுக்க இறக்கி, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி, பம்பில் காற்று எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர் கிளீனர் குழாயை மட்டும் கழற்றி வைத்து, அந்த வாயை மூடுகிற அளவுக்கு ஒரு கட்டைப் பலகையோடு மாமா பக்கத்தில் நிற்கட்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த டீசல் இன்ஜின் சில சமயம் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் எகிறும். அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது, பலகை.

ஓடும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப் குப் என்று புகை அடிக்கிறதா? அடித்தால் சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. நீலப் புகை எப்போது வருகிறது? நின்ற வண்டியை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வந்து அடங்கினால் வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) மேல் சந்தேகப்படலாம்; லோடு ஏற ஏறப் புகையும் ஏறினால் ரிங்கும், சிலிண்டரின் உள் உறையான லைனரும்தான். மூன்றாவது ஆயில் பிரஷர். மீட்டரை நம்பாதீர்கள், நாற்பது வருட மீட்டர். தனியாக ஒரு கேஜ் மாட்டிப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு முழு ஓட்டத்தில் 30 பவுண்டுக்குக் கீழே நின்றால் கிராங்கையும் பேரிங்கையும் பார்க்காமல் விடக் கூடாது. பிரஷர் நன்றாக இருந்து, தட்டுகிற சத்தமும் இல்லை என்றால், செலவு பாதியாகவும் குறையலாம்.

நீங்கள் எழுதியதை வைத்து என் கணிப்பு: ரிங்கும் லைனரும் போயிருக்கும், பிளாக்குக்குள் உப்பு படிந்திருக்கும். ஏன் போனது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புது ரிங்கும் அதே வழியில் போகும். ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் களி இருக்கும். ராகி அடிக்கும் தூசியும் கொல்லைப் புழுதியும் நேராக உள்ளே போனால் சாணைக்கல் வைத்துத் தேய்த்த கதைதான். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதைச் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டி ஓட்டுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. ஒரே சீசனில் இன்ஜினை முடிக்க அது போதும்.

பிரிக்கலாம் என்று முடிவானால் மாமாவுக்கு ஒரு சேதி. லாரிக்குச் சேஸிஸ் உண்டு, அதன் மேல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். இந்த டிராக்டருக்குச் சேஸிஸே கிடையாது. முன் ஆக்ஸில், இன்ஜின், கியர் பாக்ஸ், பின்பக்கம் எல்லாம் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு நிற்கிறது, இன்ஜினே முதுகெலும்பு. இன்ஜினை எடுப்பது என்றால் வண்டியை இரண்டாகப் பிரிப்பது. முன் ஆக்ஸில் நடுவில் ஒரு பின்னில் ஆடுகிற மாதிரி இருப்பதால், பிரித்த நொடியில் முன்பாதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஆக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கட்டை ஆப்பு அடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பின்பாதிக்குக் கியர் பாக்ஸ் அடியில் ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியும் செங்கல்லும் வேண்டாம். சிமென்ட் தளத்தில் செய்யுங்கள், மண்தரையில் செயின் பிளாக் மாட்டிச் செய்யும் வேலை இல்லை இது. உங்கள் கொட்டகை மண்தரை என்றால் பிரிக்கும் வேலையைப் பட்டறையிலேயே செய்துவிடுவது மேல்.

கழற்றும்போது கனெக்டிங் ராடு கேப்பும் மெயின் பேரிங் கேப்பும் (பேரிங்கை மூடிப் பிடிக்கும் பாதிகள்) இடம் மாறக் கூடாது. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். கேப்பிலும் ராடிலும் எண் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். போனில் படம் எடுத்துக்கொண்டே போவது நல்லது, வாரத்துக்கு வாரம் மறந்துபோகும்.

இப்போதுதான் முக்கியமான இடம். கிராங்கைத் தாங்கும் அரைவட்டத் தகடான பழைய ஷெல் பேரிங்கை எடுத்துத் துடைத்து முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். ஒன்றும் இல்லை அல்லது ஸ்டாண்டர்ட் என்று இருந்தால் கிராங்க் இன்னும் கம்பெனி அளவில் இருக்கிறது. 010, 020 என்று இருந்தால் ஏற்கெனவே 10 தௌ, 20 தௌ கிரைண்டிங் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டன் தலையைக் கரி சுரண்டிப் பார்த்தால் அதிலும் அளவு அடித்திருக்கலாம். அப்பா எப்போதாவது இன்ஜின் வேலை பார்த்தாரா என்பதற்கு வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இந்த இரண்டும் சொல்லிவிடும்.

அப்புறம் லேத் பட்டறை. கிராங்க் கிரைண்டிங்கும் சிலிண்டரை உள்ளே கடையும் போர் மெஷினும் ஒரே இடத்தில் இருக்கிற பட்டறையாகப் பாருங்கள். பக்கத்தில் இல்லை என்றால் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போய்விடலாம், ஓசூரில் இருப்பதால் அங்கேயும் விசாரிக்கலாம். எங்கே போனாலும் ஒன்று கேளுங்கள்: "வேலை செய்வதற்கு முன் அளவு எடுத்து ஒரு சீட்டில் எழுதித் தருவீர்களா?" தருகிறேன் என்பவரிடம் கொடுங்கள். "பார்த்தாலே தெரியும் சார்" என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்? ஒவ்வொரு லைனரிலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், கிராங்க் நீளவாக்கிலும் அதற்குக் குறுக்காகவும் எடுத்த அளவு. லைனர் ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் அதிகம் தேயும். விரலை உள்ளே விட்டு மேலே இழுத்தால் நகத்தில் ஒரு விளிம்பு தட்டும். அதே மாதிரி கிராங்கின் ஒவ்வொரு பின்னிலும் இரண்டு திசையில் மைக்ரோமீட்டர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓவாலிட்டி. கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டத்தையும் பாருங்கள். கிளட்ச் பெடல் மேல் எப்போதும் கால் வைத்தே ஓட்டுபவர்களின் வண்டியில் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து கிராங்க் முன்னால் தள்ளி நிற்கும். அப்பா அப்படி ஓட்டுவாரா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த அளவுகளைப் பார்த்து மூன்றில் ஒரு முடிவுக்கு வரலாம். லைனர் தேய்மானம் கம்பெனி புத்தகம் அனுமதிக்கிற எல்லைக்குள் இருந்தால் ஹோனிங் (லைனரின் உட்சுவரைக் கல்லால் லேசாகத் தேய்ப்பது) செய்து புது ரிங் மட்டும். எல்லை தாண்டினால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும். கிராங்க் ஓவலாக இருந்தால் அடுத்த 10 தௌ இறக்கி அந்த அளவு பேரிங். ஏற்கெனவே கடைசி அளவு வரை போயிருந்தால் கிராங்கே மாற்ற வேண்டும், செலவு ஏறுவது அங்கேதான். அப்படி நேர்ந்தால் கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் நிலவரத்தையும் சேர்த்துப் பார்த்து மறுபடி யோசிக்கலாம்.

கிட் வாங்குவதில் இருக்கும் அந்த ஆபத்து இதுதான். இந்த வண்டிகளுக்குச் சென்னை சிம்ப்சன் இன்ஜின். அதன் மூல வடிவம் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் கம்பெனியுடையது. பெர்கின்ஸை 1959-ல் மாசி பெர்குசனே வாங்கிவிட்டது. பெர்கின்ஸில் 3.152 என்று ஒரு பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 3 சிலிண்டர், 152 கன அங்குலம். போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 3.6 அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 5 அங்குலம். இதே குடும்பத்தில் போர் ஒன்றாகவும் ஸ்ட்ரோக் வேறாகவும் உள்ள இன்ஜின்களும் உண்டு. போர் ஒன்று என்பதால் தவறான பிஸ்டனும் சிலிண்டருக்குள் அழகாக இறங்கிவிடும். பின் ஓட்டையின் உயரம் வேறு, தலைக் குழியின் வடிவம் வேறு. ஹெட்டைப் போட்டுச் சுற்றும்போதுதான் வால்வில் முட்டும். அல்லது முட்டாமல் கம்ப்ரஷன் குறைந்து, வெள்ளைப் புகையோடு ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஆகவே கடையில் "1035 கிட் கொடுங்க" என்று கேட்காதீர்கள். பிளாக்கில் அடித்த இன்ஜின் எண், கழற்றிய பழைய பிஸ்டன் ஒன்று, பழைய ஷெல் ஒரு ஜோடி, அளவுச் சீட்டு, இந்த நாலும் கையில் இருக்க வேண்டும். பழையதையும் புதியதையும் கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். விலை குறைந்த கிட்டுக்கும் நல்ல கிட்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த வேலையில் சிறியது. ரிங்கிலும் பேரிங்கிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்; பெயின்ட்டில் பிடியுங்கள்.

பிஸ்டன் வாங்கிய பிறகுதான் போர் அடிக்கக் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் அந்தப் பிஸ்டனையே அளந்து அதற்கு ஏற்ற இடைவெளி விட்டு லைனரை முடிப்பார். இது உலர் லைனர், தண்ணீர் நேராக அதைத் தொடாது. பிளாக்கின் உடம்போடு ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு வெளியேறும். அழுத்தி இறக்கும் முன் பிளாக்கின் உட்சுவர் துருவும் கறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

ரிங்கை நேராகப் பிஸ்டனில் மாட்டாதீர்கள். தனியாக லைனருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளிச் சமமாக நிற்க வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். ஒரு அங்குலப் போருக்கு 3 முதல் 4 தௌ என்பது பட்டறைக் கணக்கு, 3.6 அங்குலத்துக்கு 11 முதல் 14 தௌ வரும். குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் நீண்டு முட்டி லைனரைக் கீறிவிடும்.

கழுவும் வேலை பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது. ஹோனிங் முடிந்த லைனரைப் பலர் டீசலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பிஸ்டனை ஏற்றிவிடுவார்கள். ஹோனிங் கல்லின் பொடி டீசலில் போகாது. குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு, பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். துடைத்துவிட்டு, வெள்ளை வேட்டித் துணியில் சுத்தமான ஆயில் தொட்டு உள்ளே ஒரு சுற்றுத் தேயுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் மறுபடி சோப்பு. துணி வெள்ளையாக வரும் வரைக்கும் இதே வேலைதான். கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கின் ஆயில் துளைகளையும் இதே மாதிரி: மெல்லிய பிரஷ் விட்டுக் குத்தி, காற்றடித்து, ஒரு துளையில் ஊற்றியது அடுத்த துளையில் வருகிறதா என்று பாருங்கள். அங்கே தங்கும் இரும்புத்தூள் முதல் ஸ்டார்ட்டிலேயே புதுப் பேரிங்கில் போய்ப் பதியும்.

போர்த்தண்ணி பற்றிக் கேட்டீர்கள். ஆம், கண்டிப்பாக ஆகியிருக்கும். நம் இரண்டு மாவட்டத்துத் தண்ணி என்றதும் ஃப்ளோரைடும் பல் கறையும் ஞாபகம் வரும். இன்ஜினுக்கு அது பிரச்சினை இல்லை. அதே தண்ணியில் இருக்கும் சுண்ணாம்பு உப்புதான் பிரச்சினை. சூடேறும்போது அது பிரிந்து, சோறு வடிக்கிற பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளைப் பொருக்காகப் பிளாக்குக்குள் படியும். சூட்டைக் கடத்தாது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடு பிளக்குகளை எல்லாம் தட்டி எடுத்துவிட்டு உள்ளே கம்பி விட்டுப் பாருங்கள். வாட்டர் பம்பிலிருந்து தூரமாக இருக்கும் மூன்றாம் சிலிண்டரைச் சுற்றித்தான் துருவும் சேறும் கெட்டியாக நிற்கும். சுரண்டி, பிளாக்கைக் கெமிக்கலில் ஊற வைத்துக் கழுவித் தரச் சொல்லுங்கள், பிளக்குகளைப் புதிதாகப் போடுங்கள். ரேடியேட்டரையும் கழற்றிக் கொடுத்துக் குழாய்களைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். மேட்டில் சூடானதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இனிமேல் கூலன்ட்டும் பாட்டரிக்கு ஊற்றுகிற மாதிரி சுத்திகரித்த தண்ணியும் கலந்து ஊற்றுங்கள். ஓட்டைப் பார்த்து அடைத்துவிட்டால் அடிக்கடி ஊற்ற வேண்டியதே வராது.

ஹெட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரிசல் சோதனை, சமதளம், கைடு, வால்வு சீட்டு, நான்கும் பட்டறை வேலை. டீசல் பம்பைக் கழற்றும் முன் அதன் ஃபிளேஞ்சிலும் இன்ஜினிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அப்படியே பம்ப் ரூமுக்கு (டீசல் பம்ப் பழுது பார்க்கும் பட்டறை) அனுப்புங்கள். மாமா எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பம்பை வீட்டில் திறக்கக் கூடாது. நாசிலையும் அங்கேயே டெஸ்ட் செய்து வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது பழைய செம்பு வாஷரை எடுத்துவிட்டுப் புதிது போட மறக்க வேண்டாம்.

மற்றபடி பிரிப்பது, கழுவுவது, கூட்டுவது எல்லாம் மாமாவும் நீங்களும் செய்யலாம். முறுக்கு அளவு காட்டும் நல்ல டார்க் ரெஞ்சு ஒன்றை வாடகைக்காவது வாங்குங்கள். முறுக்கு அளவை இன்ஜின் எண்ணுக்கு உரிய சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, உங்கள் ரெஞ்சில் இருப்பது கிலோகிராம்-மீட்டரா பவுண்டு-அடியா என்று சரிபாருங்கள். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 7.2 பவுண்டு-அடி. இதில் குழம்பிப் போல்ட்டை அறுத்தவர்கள் உண்டு. ஒவ்வொரு மெயின் கேப்பை முடுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பை முடுக்கியதும் பிடிக்கிறதோ அங்கே நிறுத்தி, காரணம் தெரியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

உங்கள் இன்ஜினில் பின்பக்க ஆயில் சீல் கயிறு மாதிரி இருந்தால் அது பழைய வகை. முந்தின நாளே ஆயிலில் ஊறப் போட்டு, கட்டை உருளையால் பள்ளத்தில் நன்றாக அழுத்திப் படிய வைத்து, முனையை மயிரிழை வெளியே நிற்கிற மாதிரி விட்டு வெட்ட வேண்டும். சமமாக வெட்டினால் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒழுகும். ஒழுகுகிற ஆயில் கிளட்ச்சில் போய் விழும், அதற்காக மறுபடியும் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விடும் இடைவெளி) பெர்கின்ஸ் 3.152 வகைக்கு ஆறிய இன்ஜினில் 12 தௌ, சூட்டில் 10 தௌ. உங்கள் எண்ணுக்கும் அதுதானா என்று புத்தகத்தில் ஒரு பார்வை. டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்டரால் விட்டு விட்டுச் சுற்றிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓட ஆரம்பித்ததும் ஒரு வாரம் கொட்டகையிலேயே ஸ்லோவில் ஓட விடச் சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். லோடு இல்லாமல் ஓடினால் ரிங்குக்குப் பின்னால் அழுத்தம் வராது, லைனரோடு ரிங் படியாது. லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போய் மறுபடி ஆயில் குடிக்கும். சூடு ஏறியதும், ஒழுகலையும் பிரஷரையும் பார்த்துவிட்டு, கேஸ்கெட்டோடு வந்த சீட்டில் சொல்லியிருந்தால் ஹெட்டை மறுமுறை முடுக்கி, டேப்பெட்டைச் சரிபார்த்துவிட்டு வேலைக்கு எடுங்கள். பாதி லோடு டிரெய்லர், தோப்பில் மேலாகக் கலப்பை. ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் 50 மணி நேரம் ரொட்டவேட்டரும் மேட்டில் முழு லோடும் வேண்டாம். அந்த 50 மணி நேரம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், ஆயில் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும்.

பெயின்ட் கடைசியில்தான். முதலிலேயே அடித்துவிட்டால், ஆயில் கசிகிற இடத்தில் புதுப் பெயின்ட் உரிந்துவிடும். 50 மணி நேரம் ஓடி, ஒழுகல் எல்லாம் நின்ற பிறகு அடியுங்கள். பழைய சிவப்பே அடிக்கலாம், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நிறமும் அதுவாகத்தான் இருக்கும். பிளாக்கில் எண் அடித்த இடத்தில் மட்டும் கனமாகப் பூசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் அளவுச் சீட்டு கொடுத்ததும் அதையும் இன்ஜின் எண்ணையும் படம் எடுத்து எழுதுங்கள். எந்தக் கிட் என்று அப்போது சொல்கிறேன்.